வேலூர் பழைய வீடு: பாதி மெட்ராஸ் டெரஸ், பாதி ஆர்.சி.சி. – மாடிச் சூட்டை எங்கிருந்து பிடிப்பது?

கொசப்பேட்டை மாடி கேட்டது:

வீடு வேலூர் கொசப்பேட்டையில். முன்பாதி சுமார் 70 வருஷத்துக் கட்டு. 18 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே தேக்குக் கட்டை வைத்த மெட்ராஸ் டெரஸ், 400 சதுர அடி. பின்பாதி 1990-களில் சேர்த்த ஆர்.சி.சி., நாலரை அங்குலத் தளம், 620 சதுர அடி, 9 அங்குலச் சுவர். இரண்டுக்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருக்கிறது. பின்பாதியில் தட்டோடு பல இடத்தில் பெயர்ந்துவிட்டது. மேற்குச் சுவர் 28 அடி, பக்கத்து மனை காலி, ஒரு பொட்டு நிழல் கிடையாது.

மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை பின்பாதியில் ராத்திரி 12 மணிக்கு ஃபேன் போட்டாலும் அனல்தான் இறங்குகிறது. ஒன்றரை டன் ஏ.சி. விடிய விடிய ஓடுகிறது. முன்பாதியில் சூடு பரவாயில்லை, ஆனால் மழைக்காலத்தில் கைப்பிடிச் சுவர் ஓரம் ஓதம் அடிக்கிறது.

விசாரித்ததில் ஒருவர் கூல் பெயின்ட் அடித்தால் ‘15 டிகிரி’ குறையும் என்கிறார். இன்னொருவர் உள்ளே தெர்மாகோல் ஒட்டி ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்கிறார். மூன்றாமவர் இருக்கிற தட்டோட்டின் மேலேயே வெள்ளை கூல் டைல்ஸ் பதிக்கலாம் என்கிறார். எல்லாவற்றையும் செய்யப் பணம் இல்லை. எது முதலில்? பணம் போடுவதற்கு முன் சூடு எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

ரசமட்டம்:

உண்டு, ஒரு நாள் போதும். ‘ஐ.ஆர். கன்’ என்று கேட்டு வாங்குங்கள், தொடாமலே தூரத்திலிருந்து பரப்பின் சூட்டை அளக்கும் கருவி அது. நெற்றியில் காட்டும் காய்ச்சல் கன் உதவாது, அது 43 டிகிரிக்கு மேல் காட்டாது. தொழிற்சாலை வகை வேண்டும். அதில் எமிசிவிட்டி (பரப்பு சூட்டைக் கதிராக விடும் திறன்) 0.95 என்று வையுங்கள். தட்டோடு, சிமெண்ட் பூச்சு, சுண்ணாம்பு, மரம் எல்லாவற்றுக்கும் அதுவே சரிப்படும். பளபளக்கிற தகரத்தின் மேல் காட்டினால் பொய் சொல்லும். அங்கே மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி டேப்பின் மேல் காட்டுங்கள். கன்னில் 12:1 என்று போட்டிருந்தால் 12 அடி தூரத்தில் 1 அடி வட்டத்தின் சராசரியைக் காட்டுகிறது என்று பொருள். மெட்ராஸ் டெரஸில் கட்டையும் செங்கலும் ஒரே வட்டத்தில் விழாமல், ஏணியில் ஏறிக் கிட்டத்தில் வைத்து எடுங்கள்.

அன்று ஏ.சி. வேண்டாம். மதியம் 2, மாலை 6, இரவு 10, விடியற்காலை 5 என்று நாலு வேளை. ஒவ்வொரு அறையிலும் சீலிங் நடுவே ஒன்று, நாலு சுவருக்கும் மார்பு உயரத்தில் ஒவ்வொன்று, தரை ஒன்று. அறைக் காற்றின் சூட்டுக்குச் சாதாரண வெப்பமானியைச் சுவரில் படாமல் நூலில் தொங்கவிடுங்கள்.

முக்கியமான எண், சீலிங் சூட்டிலிருந்து காற்றின் சூட்டைக் கழித்தால் வருவது. 1, 2 டிகிரிதான் என்றால் கூரை பெரிய குற்றவாளி இல்லை, சுவரையும் ஜன்னலையும் பாருங்கள். 4-க்கு மேல் போனால் மற்றதெல்லாம் அப்புறம், கூரைதான் முதல். விடியற்காலை 5 மணிக்கு மேற்குச் சுவர் சீலிங்கைவிடச் சூடாக இருந்தால், அந்தச் சுவர் பகலில் வாங்கியதை இராத்திரி முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கூடவே தட்டோட்டைத் தட்டிப் பாருங்கள். சின்னச் சுத்தியலின் மரப்பிடியால் ஓர் அடிக்கு ஒரு தட்டு. கெட்டிச் சத்தம் வந்தால் சரி, ‘டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் அடியில் கலவை விட்டிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வட்டம் விழுந்தால் ஒட்டுப்போடுவது வீண், பெயர்த்தாக வேண்டும்.

முன்பாதியில் கட்டை சுவருக்குள் நுழைகிற முனைதான் முதலில் கெடும். ஒவ்வொரு முனையிலும் கூர்மையான ஊசியை அழுத்துங்கள். நல்ல தேக்கில் 2, 3 மி.மீ.க்கு மேல் இறங்காது. வெண்ணெய் போல இறங்கினால் சூடு, ஓதம் பேச்சையெல்லாம் நிறுத்திவிட்டுக் கட்டையைப் பாருங்கள். இன்னொன்று: ஆர்.சி.சி. தளத்துக்குச் செய்கிற தண்ணீர் தேக்கும் சோதனையை மெட்ராஸ் டெரஸில் செய்யவே கூடாது. சுண்ணாம்பு ஜல்லி குடிக்கிற தண்ணீர் நேராகக் கட்டைக்கு இறங்கும், காய மாதக்கணக்கில் ஆகும்.

கடுக்காய்த் தண்ணி:

முன்பாதிக்கு மட்டும் சொல்றேன். பின்பாதிக்கு வேற ஆள் வருவாங்க.

மெட்ராஸ் டெரஸ் தானாவே சூட்டை மெதுவா விடுற தளம். கட்டை மேல 1 அங்குலக் கனத்துச் சின்னச் செங்கலைக் குறுக்குவாட்டமா நிறுத்தி வெச்சு, அதுக்கு மேல 3 அங்குலம் ஜல்லி சுண்ணாம்பு, அப்புறம் தட்டோடு. மதியம் வாங்கின சூடு உள்ள எட்டிப் பார்க்கவே ராத்திரி ஆயிடும். அதை ‘நவீனப்படுத்துறேன்’னு மேல சிமெண்ட் காங்கிரீட் கொட்டுறவங்கதான் கெடுக்கிறாங்க. சிமெண்ட் விறைப்பு, சுண்ணாம்பு நெகிழ்வு. வெயில்ல ரெண்டும் வேற வேற அளவுக்கு விரியும், ஓரத்துல மயிரிழை விரிசல் விடும். அது வழியா இறங்குற தண்ணி சிமெண்டுக்கு அடியில மாட்டி மேல காய வழியில்லாம கட்டைக்குப் போகும். அஞ்சு வருஷத்துல தேக்கு கூடப் பொடியும்.

உங்க ஓதம் கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற முக்குல இருந்துதான் வரும். அந்த ஓரத்துல பழைய காரையை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தூசியை ஊதி, முதல் நாளே தண்ணி தெளிச்சு ஈரப்படுத்துங்க. காய்ஞ்ச செங்கல் மேல காரை வெச்சா செங்கல் ஈரத்தை உறிஞ்சிடும், காரை மாவா உதிரும். சுண்ணாம்பு ஒரு பங்கு, சுருக்கி ஒரு பங்கு, சலிச்ச மணல் ஒரு பங்கு. சுருக்கின்னா நல்லா வெந்த செங்கலை இடிச்ச தூள். அரைவேக்காட்டுச் செங்கல் தூள் வெறும் மண்ணுதான், பிடிக்காது. சுண்ணாம்பைக் குறைஞ்சது ஒரு வாரம் தொட்டியில ஊறப்போட்டு வடிகட்டணும். கல் மாதிரி மாட்டின சின்னக் கட்டி பின்னாடி தளத்துல வெந்து பொரிஞ்சு கொப்புளம் கிளப்பும். இடிச்ச கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியில பிசையுங்க. வெல்லம் கைதாராளமா போனா காரை இறுகாது, எறும்பும் வரும்.

ஓரத்துல காரையைச் செங்குத்தா விடாம முக்கை நிரப்பி, ரெண்டு அங்குலம் சாய்வா உருட்டி, கரண்டியால அழுத்தி மெழுகணும். ஈரச்சாக்கு போட்டுப் பத்து நாள். சிமெண்ட் மாதிரி மூணு நாள்ல சாக்கை எடுத்தா வேலை வீண்.

தட்டோட்டு மூட்டுங்களுக்கும் இதே காரை. எல்லாம் காஞ்சப்புறம் மேல வெறும் சுண்ணாம்பு, மோர் பதத்துல, மூணு கை. ஒரே கையில கெட்டியா அடிச்சா செதில் செதிலா உரியும். இந்தப் பாதிக்குச் சூட்டுக்கும் அது போதும். செடித்தொட்டி, தண்ணீர் டேங்க், சோலார் ஸ்டாண்டு எதுவும் இது மேல வேண்டாம். உள்ள சீலிங்கை மூடவும் வேண்டாம். கட்டை கண்ணுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருந்தாத்தான் கரையான் வர்ற அன்னிக்கே தெரியும்.

கொசப்பேட்டை மாடி:

அளந்தாயிற்று. வெளியே உச்சம் 41 இருந்த நாள்.

பின்பாதி சீலிங்: மதியம் 2-க்கு 39.5, மாலை 6-க்கு 43, இரவு 10-க்கு 41, காலை 5-க்கு 36. அறைக் காற்று அதே வேளைகளில் 36.5, 37.5, 36, 33.5.

முன்பாதி சீலிங்: 34.5, 36, 37, 35. காற்று 34.5, 35.5, 35, 33.

பின்பாதி மேற்குச் சுவரின் உள்முகம்: 35.5, 39.5, 39, 36.5. தட்டோட்டில் பின்பாதியில் பாதிக்குப் பாதி பொள்ளல். கட்டை முனைகளில் ஊசி இறங்கவில்லை, நல்லவேளை.

நிழல்கணக்கு:

எண்கள் தெளிவாகப் பேசுகின்றன. பின்பாதியில் மாலை 6-க்கு வித்தியாசம் 5.5, இரவு 10-க்கும் 5 குறையாமல் நிற்கிறது. கூரைதான். மேற்குச் சுவர் இரண்டாமது. காலை 5-க்கு அது சீலிங்கை அரை டிகிரி முந்திவிட்டதைக் கவனியுங்கள்.

வேலூர் ஏறத்தாழ 12.9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில், கத்திரி தொடங்கப் பத்து நாள் இருக்கும்போதே, உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே விழும். கோடையில் ஒரு சதுர அடிக்கு அதிக வெயிலை வாங்குவது தளம்தான், அடுத்து கிழக்கும் மேற்கும். ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நடுப்பகல் சூரியன் சற்று வடக்கே தள்ளித்தான் நிற்கும், தெற்கு ஜன்னலுக்கு மே மாதத்தில் தட்டி வாங்குவது வீண் செலவு. சுற்றிலும் ‘மரமில்லா மலை’ வேறு. பாறை மாலையில்தான் அனலை விடும்.

இப்போது தளத்தின் கணக்கு. யு மதிப்பு என்பது இரு பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியே பாயும் வாட். குறைந்தால் நல்லது. உங்கள் நாலரை அங்குலத் தளமும் 3 அங்குல ஜல்லியும் தட்டோடும் சேர்ந்தாலும் சுமார் 2.3 வரும். ஜல்லி கனமே தவிர, சூட்டைத் தடுக்கும் பொருள் இல்லை. குடியிருப்புகளுக்கான 2018-ஆம் ஆண்டு எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்கிற மின்சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு கூரைக்கு 1.2-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. பழைய ஜல்லியை எடுத்துவிட்டு 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை (சூட்டைத் தடுக்கும் கெட்டியான நுரைப்பலகை) வைத்தால் 0.8 வாக்கில் நிற்கும், 50 மி.மீ. வைத்தால் 0.5, 75 வைத்தால் 0.35. முதல் அங்குலம்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. 50-ல் நிறுத்துங்கள், 75-க்குக் கொடுக்கும் பணத்தை மேற்குச் சுவருக்குக் கொடுக்கலாம்.

பலகை தளத்துக்கு மேலே போகவேண்டும், கீழே அல்ல. உள்ளே தெர்மாகோல் ஒட்டினால் அறைக்குச் சூடு குறையும், ஆனால் தளம் முன்பைவிட அதிகமாகவே காயும். 30 அடி நீளத் தளம் 25 டிகிரி ஏறினால் சுமார் 2.5 மி.மீ. நீளும். தினமும் நீண்டு சுருங்கி அது கைப்பிடிச் சுவரைத் தள்ளும்; கூரைக்குக் கீழே கிடைமட்டமாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இதனால்தான். மேலே போட்டால் தளமே நிழலில் இருக்கிற மாதிரி, அசைவு குறையும். சாதாரணத் தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும் என்பதும் ஒன்று, அதைத் தலைக்கு மேல் ஒட்டுவது எனக்கு உவப்பில்லை.

‘தட்டோட்டுக்கு மேலேயே டைல்ஸ்’ என்பதை ஒதுக்குங்கள். ஏற்கனவே இருக்கிற ஜல்லி, கலவை, தட்டோடு எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ. 620 சதுர அடிக்குப் பத்து டன். பாதி பொள்ளலாக இருக்கிற அடுக்கின் மேல் இன்னொரு அடுக்கைச் சுமத்துவது, எடையும் கூட்டி, கசிவையும் உள்ளே வைத்து மூடுவது.

வேலையின் வரிசை இது. தட்டோட்டையும் ஜல்லியையும் உளியும் சின்னச் சுத்தியலும் வைத்துப் பெயர்க்கவேண்டும். டெமாலிஷன் ஹேமரைத் தளத்தில் ஏற்றவிடாதீர்கள். இடிசலை ஒரே மூலையில் குவிக்காமல் அன்றன்றைக்கு இறக்குங்கள். அந்தப் பத்து டன் நடுத்தளத்தில் மலையாகக் கிடந்தால் நாலரை அங்குலம் தாங்காது. தளம் தெரிந்ததும் விரிசல், கம்பி துரு இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டம் குறைந்தபட்சம் 10 அடிக்கு 1¼ அங்குலம். இல்லாவிட்டால் இந்தக் கட்டத்தில் மெல்லிய கலவையால் சரி செய்யவேண்டும், டைல்ஸ் போடும்போது அல்ல.

அடுத்து வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு, இரண்டு கோட், ஒன்றுக்கு ஒன்று குறுக்காக. கைப்பிடிச் சுவரில் 1 அடி உயரம் ஏறவேண்டும், மூலையில் கலவையால் சாய்வு உருட்டி அதன் மேலாக. பிறகு குழாய் வாயை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம். இந்தச் சோதனையைப் பலகை போடும் முன் செய்யாதவர்கள் அப்புறம் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் உடைக்கிறார்கள்.

பலகை 1250-க்கு 600 மி.மீ. அளவில் வரும், ஒரு பலகைக்கு முக்கால் சதுர மீட்டர். 620 சதுர அடிக்கு 77, சேதாரம் சேர்த்து 81 வாங்குங்கள். அடர்த்தி கனமீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாமல், ஓரம் படிவெட்டாக இருப்பது நல்லது. செங்கல் வரிசை போல மூட்டு மாறி மாறி வரவேண்டும். நேர்கோடாக மூட்டு வந்தால் மேலே காங்கிரீட்டிலும் அதே கோட்டில் விரிசல் வரும். பலகையை வெயிலில் வாரக்கணக்கில் திறந்து போடாதீர்கள், மேற்பரப்பு மஞ்சளாகி மாவாகும். விலை கேட்கும்போது கனத்தையும் அடர்த்தியையும் சேர்த்தே கேளுங்கள். கனத்தை மட்டும் சொன்னால் லேசான சரக்குதான் வரும்.

பலகைக்கு மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை மட்டும் விடும் செயற்கை நார்த்துணி), அதன் மேல் கோழிவலை வைத்து 50 மி.மீ. காங்கிரீட், 6 அடிக்கு 6 அடியாகக் கட்டம் பிரித்து. கட்ட இடைவெளியிலும் கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் சீலன்ட் (ரப்பர் போல நெகிழும் அடைப்புப் பசை). மேலே வெள்ளை டைல்ஸ், அல்லது பணம் இல்லையென்றால் இப்போதைக்கு வெள்ளைப் பூச்சு மட்டும். புது அடுக்கின் எடை டைல்ஸோடு சதுர மீட்டருக்கு சுமார் 135 கிலோ, பழையதைவிடக் குறைவு.

சாயம் போன வாளி:

எக்ஸ்.பி.எஸ். நல்லதுதான். ஆனா அவர் கேட்டது ‘எது முதலில்’. முதல் கோடைக்கு வெள்ளை அடிங்க, மிச்சத்தை அடுத்த வருஷம் பாருங்க.

அந்த 15 டிகிரி பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. தளத்து மேல் தோல் அந்த அளவுக்குக் குறையும். மே மாசம் மதியம் சாம்பல் நிறத் தளம் 60-ஐத் தாண்டும், வெள்ளைத் தளம் 40-களில் நிக்கும். அறைக் காற்றுல 2 லருந்து 4 டிகிரி எதிர்பாருங்க. ராத்திரி அனல் குறையறதுதான் நிஜமான லாபம்.

நம்பிக்கை வரலைன்னா 10-க்கு 10 அடி மட்டும் சுண்ணாம்பு அடிச்சு, மறுநாள் மாலை 6-க்குக் கீழே சீலிங்கை அளங்க, அடிக்காத இடத்தோட ஒப்பிடுங்க. சின்னதா 3 அடி கட்டம் அடிச்சா பக்கவாட்டுச் சூடு புகுந்து வித்தியாசமே தெரியாது.

ஏழைக்கான வழி: 10 கிலோ சுண்ணாம்புக்கு 1 கிலோ வெள்ளைப் பசை, தச்சர் பயன்படுத்துற வகை. சுண்ணாம்பு வேகும்போது தண்ணிய அதுல ஊத்தாதீங்க, தண்ணியில சுண்ணாம்பைப் போடுங்க, கண்ணாடி போட்டுக்கங்க. நல்லா ஆறினப்புறம்தான் பசை. ஒரு மழைக்காலம் போனா பாதி கரையும், வருஷா வருஷம் பிப்ரவரியில திரும்ப அடிக்கணும்.

டின் பெயின்ட் எடுத்தா ரெண்டு கோட்டும் சேர்த்து லிட்டருக்கு 20, 25 சதுர அடின்னு கணக்கு வைங்க, 620-க்கு 25 லருந்து 31 லிட்டர். அதுக்கு மேல ஓடும்னு சொல்றவங்க தண்ணி கலக்கப் போறாங்க. பாசியைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி ரெண்டு நாள் காயவிடாம அடிச்சா முதல் மழையிலயே பலூன் மாதிரி ஊதும். காலை 10-க்கு மேல அடிக்காதீங்க, சூடான தளத்துல பெயின்ட் பரவறதுக்கு முன்னாடியே தோல் கட்டிடும். பொள்ளல் தட்டோட்டு மேல அடிச்சாலும் வீண், ஓடு பெயர்ந்தா பெயின்டும் கூடப் போகும். அந்த வட்டங்களை மட்டுமாவது எடுத்துப் பூசிட்டு அடிங்க. வெள்ளைன்னா தூசிக்கு எதிரி: மார்ச்ல ஒரு தடவை, ஏப்ரல் கடைசியில ஒரு தடவை தொடப்பமும் தண்ணியுமா கழுவுங்க. கழுவாத வெள்ளை ஒரு கோடையிலயே பழுப்பு.

ஃபால்ஸ் சீலிங் பத்தி ஒரே வரி: சூட்டை மறைக்கும், நிறுத்தாது. பின்னாடி கசிவு வந்தாலும் மறைச்சிடும்.

ரசமட்டம்:

மேற்குச் சுவருக்கு: 9 அங்குலச் சுவருக்கு உள்ளே எதையும் ஒட்டவேண்டாம், வெளியே நிழல் கொடுங்கள். ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சன்ஷேடு 4 மணி வெயிலுக்கு உதவாது, சூரியன் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும். சுவரிலிருந்து 1 அடி தள்ளி ஜி.ஐ. பைப் சட்டம் நிறுத்தி மூங்கில் தட்டியோ 75 சதவீத நிழல்வலையோ கட்டுங்கள். மேலும் கீழும் திறந்திருந்தால் இடையில் காற்று ஏறிச் சூட்டைத் தூக்கிப் போகும். சுவரோடு ஒட்டிக் கட்டினால் தட்டியின் சூடே சுவருக்கு இறங்கும். கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்று சட்டத்தைப் பிடுங்கும், 6 அடிக்கு ஒரு ஆங்கர் குறையக்கூடாது. சுவரையும் வெள்ளையாக்குங்கள்.

காற்றோட்டம் காசில்லாத வேலை. வெளிக் காற்று உள்ளைவிடக் குளிர்ந்த பிறகுதான் ஜன்னலைத் திறக்கவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அது இரவு 9-க்குப் பக்கம் வரும், உங்கள் கையில் வெப்பமானி இருக்கிறதே. காலை 8, 9-க்குச் சாத்திவிடுங்கள். மதியம் ‘காற்று வரட்டும்’ என்று திறந்துவைப்பது 41 டிகிரியை உள்ளே அழைப்பது.

மலையோரம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஏலகிரியில் பழைய சீமை ஓட்டு வீடு. டிசம்பர், ஜனவரி இராத்திரிகளில் உள்ளே உட்கார முடியவில்லை. இதே எக்ஸ்.பி.எஸ். அங்கே ஆகுமா?

ரசமட்டம்:

அங்கே முதல் எதிரி இடுக்குக் காற்று. காற்றடிக்கிற இரவில் ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுபத்தி ஏற்றி, சுவர் முடிந்து ஓடு தொடங்கும் இடம், ஜன்னல் சட்டத்தின் ஓரம், கதவின் அடி என்று மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக ஏறினால் சரி, படுத்தாலோ சுழன்றாலோ அங்கே ஓட்டை. பெரும்பாலும் சுவர்த்தலைக்கும் ஓட்டுக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி இருக்கும். அதைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்து, கதவடியில் ரப்பர் பட்டை வையுங்கள். பாதிக் குளிர் அதிலேயே போகும். விறகடுப்போ கணப்போ வைக்கிற அறையை மட்டும் முழுக்க அடைக்காதீர்கள், அங்கே புகைபோக்கியும் காற்று வர ஒரு வழியும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் ஓட்டுக்கு அடியில், கட்டைகளுக்கு நடுவே 50 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு). ஓட்டின் அடிமுகத்துக்கும் அதற்கும் ஓர் அங்குலம் விடவேண்டும். ஓடு மழையில் வியர்க்கும். ஒட்டியிருந்தால் ராக்வூல் நனையும், நனைந்தது சூட்டைத் தடுக்காது. அறைப்பக்கம் பாலிதீன் தாள், மூட்டுகளை டேப்பால் ஒட்டி, அதற்குக் கீழே பலகை. தாளை மேல்பக்கம் போட்டுவிட்டால் மூச்சு, சமையல் ஆவியெல்லாம் ராக்வூலில் ஏறிக் குளிர்ந்த இடத்தில் தண்ணீராகிவிடும். எக்ஸ்.பி.எஸ்.ஸைக் கட்டைகளுக்கு நடுவே இடுக்கில்லாமல் வெட்டிப் பொருத்துவது கடினம், தீக்கும் ராக்வூலே நல்லது.

கொசப்பேட்டை மாடி:

இந்த வருஷம் பொள்ளல் ஓடுகளை எடுத்துப் பூசி வெள்ளையும், மேற்கே தட்டியும். அடுத்த வருஷம் எக்ஸ்.பி.எஸ். முன்பாதிக்குக் காரை வேலை. இரண்டு சந்தேகம்: எந்த மாதத்தில் செய்வது? எக்ஸ்.பி.எஸ். போட்டால் தளம் உயருமா? மாடிக் கதவு நிலை இப்போதே 3 அங்குலம்தான்.

நிழல்கணக்கு:

வேலூருக்குத் தென்மேற்கின் கடைசி மழையும் வரும், வடகிழக்கும் வரும். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை தளத்தைத் திறக்காதீர்கள். காரை வேலை ஜனவரியில், காரைக்கு மெதுவாகக் காய்கிற காலம் வேண்டும். எக்ஸ்.பி.எஸ். பிப்ரவரியில் தொடங்கி மார்ச்சுக்குள். ஏப்ரல் வெயிலில் காங்கிரீட் போட்டால் ஒரே மதியத்தில் சுருக்க விரிசல் வரும்.

உயரம்: இப்போது இருக்கிறது 75 ஜல்லி, 12 கலவை, 20 தட்டோடு, ஆக 107 மி.மீ. வரப்போவது 50 பலகை, 50 காங்கிரீட், டைல்ஸும் பசையும் 12, ஆக 112. அரை சென்டிமீட்டர்தான் கூடுகிறது, கதவுக்குப் பாதகம் இல்லை. ஆனால் வாட்டத்துக்காகக் கலவை போட்டால் அது குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில்தான் தடிக்கும். உங்கள் கதவு அந்தப் பக்கம் இருந்தால் நிலைக்கல்லை ஒரு செங்கல் உயர்த்திய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

மழைநீர்க் குழாய் வாயைத்தான் கொத்தனார் மறப்பார். வாய் இரண்டு மட்டத்தில் திறந்திருக்கவேண்டும்: மேலே டைல்ஸ் மட்டத்தில் ஒன்று, கீழே பலகைக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங் மட்டத்தில் ஒன்று. சீலன்ட் விட்ட இடத்தில் இறங்குகிற தண்ணீர் பலகைக்கு அடியில்தான் ஓடி வரும். கீழ்வாயைக் கலவையால் பூசி மூடிவிட்டால் அது போக இடமில்லாமல் தேங்கிப் பலகையைத் தூக்கும். சல்லடை மூடி வைக்கும் அன்று நீங்களே பக்கத்தில் நின்று, விரல் விட்டுப் பாருங்கள்.